சத்தம் ஏறினால் வேகம் ஏறுமா?

ஓமலூரில் இப்போது வீட்டு வாசலே ஒர்க்‌ஷாப். கார் வாங்கிய மறுவாரமே பையன்கள் சைலன்சரைக் கழற்றித் தடித்த குழாயை மாட்டுகிறார்கள். சிலர் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் வெட்டி எடுக்கிறார்கள். "பவர் ஏறும் தாத்தா" என்கிறார்கள். ஏறுவது பெரும்பாலும் சத்தம்தான்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு: கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. ஆர்.சி. புத்தகத்தை யார் படிக்கிறார்கள்?

கை துறுதுறுத்தால் டயர் காற்றைப் பாருங்கள், பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் வேண்டியது பவரா, பிரேக்கா? அங்கே பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதிய கதை ஓமலூரில் யாருக்குத் தெரியாது?