மாலை ஆறரைக்கு யார் பொறுப்பு?

ஆந்திர அரசு 2024 அக்டோபரில் அறிவித்த தூய எரிசக்திக் கொள்கையின் இலக்கு 160 ஜிகாவாட்டுக்கும் மேல். கூரையில் சூரியத் தகடு பதிக்கும் வீட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. முதல்வரின் தொகுதியான குப்பத்தில் எல்லா வீட்டுக்கும் தகடு ஏற்றும் முயற்சி நடக்கிறது. நிலக்கரிப் புகையைக் குறைக்கும் எதையும் வரவேற்போம். ஆனால் மேடைகளில் பேசப்படுவதெல்லாம் பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு. மாலை ஆறரைக்கு நம் பக்கத்து வடமாலபேட்டையில் விளக்கு எரிய, நகரியில் விசைத்தறி ஓட யார் பொறுப்பு?

இலங்கையில் நடந்ததைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் அவசரம் புரியும். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது. நாடு முழுவதும் மின்சாரம் போனது. குரங்கை வைத்து ஊர் சிரித்ததில், இலங்கை மின்சார சபை சொன்ன காரணம் யார் காதிலும் ஏறவில்லை. விடுமுறை நாள், தேவை குறைவு, வெயிலோ உச்சத்தில். மின்சாரத்தில் பெரும் பங்கு தகடுகளிலிருந்து வந்ததால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு குறைந்திருந்தது. இரண்டே மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது பிற்பகல் மூன்று மணி வரை கூரைத் தகடுகளை அணைத்து வைக்கும்படி அதே சபை கேட்டுக்கொண்டது. கடன் வாங்கித் தகடு போட்டவரிடம், வெயில் காயும்போது அணைத்து வையுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்?

அனல், நீர்மின் நிலையங்களின் டர்பைன்கள் பல டன் எடையோடு சுழல்பவை. எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றால், அந்தச் சுழற்சியே சில நொடிகளுக்கு அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து சட்டெனச் சரியவிடாமல் பிடிக்கும். தகட்டோடு வரும் சாதாரண இன்வெர்ட்டரில் அப்படிச் சுழல்வது எதுவுமில்லை. இதைக் காட்டி சூரிய மின்சாரமே வேண்டாம் என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது பழி முதலில் சூரியன்மேல்தான் விழுந்தது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு போதவில்லை என்று பிறகு ஸ்பெயின் அரசே சொன்னது. ஏற்பாடு இருந்தால் சமாளிக்கலாம். 2020 ஏப்ரல் 5 இரவு, பிரதமர் சொல்லி நாடே விளக்கணைத்தபோது சுமார் 31,000 மெகாவாட் தேவை விழுந்தது. நீர்மின் நிலையங்களைத் தயாராக வைத்து நம் பொறியாளர்கள் சமாளித்தார்கள்.

நம் பக்கம் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது: போர்வெல் மோட்டார். ஒரு காலத்தில் த்ரீ ஃபேஸ் கரண்ட் நடுராத்திரியில் வரும். டார்ச்சோடு, பாம்புக்குப் பயந்துகொண்டே கழனிக்குப் போக வேண்டும். 2019க்குப் பின் ஒன்பது மணி நேர இலவச மின்சாரம் பகலுக்கு மாறியது. விவசாயிக்கு நிம்மதி, வெயில் தரும் மின்சாரம் அந்த வெயிலிலேயே செலவாவதால் மின் தொகுப்புக்கும் நிம்மதி. ஆனால் அதற்காக 2021இல் போட்ட ஒப்பந்தம்? யூனிட் 2.49 ரூபாய்க்கு 7,000 மெகாவாட், உற்பத்தி ராஜஸ்தானில். வடமாலபேட்டை வெயிலுக்கு என்ன குறை? விவசாய ஃபீடர் கிளம்பும் சப்ஸ்டேஷன் பக்கத்திலேயே, பி.எம். குசும் திட்டத்தில் அந்த ஃபீடருக்குத் தேவையான தகடுகளைப் போடலாம். வழியில் வீணாவது குறையும். மோட்டாரிலும் ஒரு வேலை பாக்கி. 2004இல் இலவச மின்சாரம் வந்ததையொட்டி மோட்டாருக்குக் கபாசிட்டர் பொருத்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பொருத்தினால் லோ வோல்டேஜ் குறையும், காயில் எரிவதும் குறையும். நிபந்தனை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது; கபாசிட்டரைத்தான் கழனியில் தேட வேண்டும்.

மாலைக்குச் சேமிப்பு வேண்டும். நந்தியால் மாவட்டம் பின்னாபுரத்தின் 1,680 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் பகலில் மிஞ்சுவதைக் கொண்டு தண்ணீரை மேலேற்றி மாலையில் இறக்குவது. அதன் டர்பைன் சுழற்சி தொகுப்புக்குப் பிடிமானமும் தரும். ஊர்ப் பக்கத்துக்கு பேட்டரி. அது நமக்குப் புதிதல்ல: கரகம்பாடியில் வளர்ந்த பேட்டரி நிறுவனமான அமர ராஜா, தன் பெரிய லித்தியம் ஆலைக்கு 2022இல் தெலங்கானாவின் மகபூப்நகரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று ஆந்திர ஆட்சியாளர்கள் யோசித்திருக்க வேண்டும்.

மாலை நேரச் சேமிப்பு இல்லாமல் புதிய சூரிய ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு. செலவு கூடும். அதை ட்ரூ-அப் (விட்டுப்போன செலவைப் பின்னர் வசூலிக்கும் கட்டணம்) என்று பிறகு பில்லில் ஏற்றாமல், ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் இப்போதே வைக்கட்டும். எந்த சப்ஸ்டேஷன் எவ்வளவு கூரைத் தகடு தாங்கும், ஏற்கெனவே எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற பட்டியலை, திருப்பதியில் தலைமையகம் வைத்திருக்கும் தெற்கு மின்விநியோக நிறுவனம் வெளியிட வேண்டும். குப்பத்துக்கு அடுத்த தொகுதியில் தகடு ஏறுவதற்கு முன் அது வரட்டும்.