படியடி விடைகள்

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு நடக்கும் நாள்களில், பினாங்கு தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளுக்குக் கீழே ஆறாம் படிவப் பிள்ளைகள் நின்று விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். வினாத்தாள் கையில் இல்லை, எல்லாம் நினைவிலிருந்துதான். நால்வர் ஒரே விடையைச் சொன்னதும் ஐந்தாவதாக நிற்கும் பெண்ணின் முகம் வாடிவிடுகிறது. நால்வரும் சேர்ந்தே தவறியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை. மறுநாள் தாளுக்குப் படிக்க வேண்டிய இரவை அந்த ஒரு கேள்வியே தின்றுவிடும். எனக்கு அவளை நினைத்துத்தான் கவலை. 2012-க்கு முன்பு ஒன்றரை ஆண்டுப் படிப்பும் இறுதித் தேர்வு ஒன்றையே நம்பியிருந்தது, அன்றைய நடுக்கத்தில் நியாயம் உண்டு. இன்று மூன்று பருவங்களாகப் பிரித்து எழுதுகிறார்கள். சறுக்கிய பருவத்தை மீண்டும் எழுதவும் வழி இருக்கிறது. பல பெற்றோருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மனம் ஆறவில்லை. பிள்ளை காரில் ஏறியதுமே “எத்தனை சரி?” என்று தொடங்கிவிடுகிறார்கள். படியடியில் தோழிகள் கேட்பதைவிட அது வலிக்கும். தங்களுக்குள் பிள்ளைகள் பேசிக்கொள்ளட்டும், தேர்வறையில் வாய் மூடி எழுதியவர்கள். வீட்டிலாவது அன்றிரவு அந்தப் பேச்சை எடுக்காமல் சோறு போடுவோம்.