சாந்த்ராகாச்சி ஏரியும் ஆகாயத் தாமரையும்

ஹவுராவினின்று சென்னை நோக்கிச் செல்லும் இரயில் சாந்த்ராகாச்சி நிலையத்தைக் கடக்கும் வேளையில், நம்மவருள் பெரும்பாலோர் மூட்டை முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருப்பர். ஆயினும் அந்நிலையத்தை ஒட்டியே காணத்தக்க ஏரியொன்று உள்ளது. ஏறத்தாழ 14 ஹெக்டேர் பரப்புடைய அந்நீர்நிலை தென்கிழக்கு இரயில்வேக்கு உரியது. மார்கழி, தை மாதங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கே தங்கும். அவற்றுள் மிகுதியானது வங்காளிகள் 'சரால்' என்றழைக்கும், சீழ்க்கையொலி எழுப்பும் சிறு வாத்து. இது பகலெல்லாம் ஏரியில் ஓய்ந்திருந்து இரவில் இரை தேடும். இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் ஊசிவால் வாத்து போன்றவையும் இவற்றோடு கலந்து காணப்படும்.

இத்தகைய ஏரியைப் பேணுவது எங்ஙனம்? தூர்வாரிக் களைகளை அறவே நீக்கிவிட்டால் போதும் என்பார் பலர். இயற்கையை அதன்போக்கில் விட்டுவிடுக என்பார் சிலர். இரண்டும் பொருந்தா.

ஏரியின் பெரும்பகை ஆகாயத் தாமரை. தென்னமெரிக்காவினின்று அதன் மலரழகுக்காகக் கொணரப்பட்ட இக்களை, வங்கத்து ஆறுகளையும் வயல்களையும் அடைத்து, 1936-ஆம் ஆண்டில் தன்னை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற வைத்தது. பூவுக்காக வாங்கிய வம்பு! ஏற்ற பருவத்தில் இரண்டு வாரங்களுக்குள் இருமடங்காகப் பெருகும். நீர்ப்பரப்பு முழுதும் மூடிவிட்டால் வெயிலும் காற்றும் உட்புகா, மீன்கள் மடியும், கொசு மலியும், பறவைகள் இறங்க இடமின்றித் திரும்பும்.

அவ்வாறாயின் முழுதும் அகற்றிவிடலாமே எனின், அங்கேதான் நுட்பம் இருக்கிறது. சரால்கள் அமர்ந்து இளைப்பாறுவது அக்களைத் திட்டுகளின் மீதே. ஆதலின் பறவைகள் வருமுன்னர், ஐப்பசிக்குள், பெரும்பகுதியை அகற்றிச் சில திட்டுகளை மட்டும் தீவுகளைப் போல் விட்டுவைத்தல் வேண்டும். காலந்தாழ்த்தினால் வேலையாட்களின் அரவமே பறவைகளை விரட்டும். பிடுங்கிய களையைக் கரையிலேயே குவிப்பதும் பயனற்றது. அழுகிய சத்து மழையோடு மீண்டும் ஏரியையே சேரும்.

இனி, களை ஆண்டுதோறும் ஏன் தழைக்கிறது? அதற்கு உணவளிப்பவர் மனிதரே. சுற்றுப்புறக் குடியிருப்புகளின் கழிவுநீர் ஏரியில் கலக்கிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் களைக்கு எரு. 2010-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் இவ்வேரியின் வழக்கு சென்றபொழுது, கழிவுநீரைத் தடுத்துத் தூய்மை செய்வதே முதன்மையான வினாவாயிற்று. அதைச் செய்யாது களையை மட்டும் அள்ளுவது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

கழிவுநீர் எங்கும் கேடே என்றும் கருதற்க. ஆற்றுக்கு அக்கரையில், 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இடம்பெற்ற கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரந்துள்ளன. அங்கே மீனவர் நகரக் கழிவுநீரை ஆழமற்ற குளங்களில் அளவறிந்து பாய்ச்சுவர். வெயிலும் நுண்ணுயிர்களும் அதனைச் செரிக்க, பாசி வளர்கிறது. பாசியை உண்டு மீன் வளர்கிறது. அதே ஆகாயத் தாமரையைக் கரையோரமாக மட்டும் கட்டி நிறுத்தி, அலை கரையை அரிக்காது காக்கின்றனர். சாந்த்ராகாச்சியில் பகையாயிருப்பது அங்கே வேலையாள்! வேறுபாடு செடியில் இல்லை; நாள்தோறும் நீரைக் கவனிக்கும் கைகளில் உள்ளது. மீன் விற்றுப் பிழைப்பவனுக்குக் குளத்தை மறக்க இயலாது.

இது நமக்குப் புதிதன்று. செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில், பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை உழவர் அறிந்திருந்தனர். சுட்டவரை எதிர்த்து முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். சாந்த்ராகாச்சிக் கரையில் வாழ்வோர்க்கு அத்தகைய ஊதியம் எதுவும் ஏரியிலிருந்து கிட்டுவதில்லை. கொசுவும் நாற்றமுமே கிட்டுகின்றன. கழிவுநீரைத் திருப்பினால் முதற்கண் பயனடைவோர் அவர்களே. பறவைகள் அதற்குப் பின்னர்தாம்.

தை மாதத்தில் குழந்தைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் காலையிலேயே செல்க. கரையில் கூச்சலிடாதிருந்தால் சீழ்க்கையொலி தெளிவாகக் கேட்கும்.