சுட்டி நூலன்று

சென்ற மாதம் ஒரு காலையில் கணினியைத் திறந்தேன். உலாவி என்னை முன்பின் பார்த்திராததுபோல் "வரவேற்கிறோம்" என்றது. பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்த்த சுட்டிகள், கோப்புறை வாரியாக அடுக்கியிருந்த கட்டுரைகள், நேர்காணல்கள், கைக்குப் பழகிய அமைப்புகள் அனைத்தும் காணாமற்போயிருந்தன. பிழைச்செய்தி ஏதுமில்லை. தேனியில் அன்று மின்வெட்டுகூட இல்லை. காரணம் இன்றுவரை விளங்கவில்லை.

நண்பர்களிடம் புலம்பினேன். "ஒத்திசைத்து வைத்திருக்க வேண்டாமா?" என்றார் ஒருவர். "அதனாலென்ன, தேடினால் கிடைக்கும்" என்றார் மற்றவர். இவ்விரு பதில்களையும் மறுக்கவே இதை எழுதுகிறேன்.

ஒத்திசைவு காப்பு அன்று. ஒரு கருவியில் நிகழ்வதை மற்றக் கருவிகளிலும் நிகழ்த்துவதே அதன் பணி. இங்கே அழிந்தது அங்கேயும் அழியக்கூடும். உலாவிகள் நம் சுட்டிகளையெல்லாம் பயனர் கோப்புறைக்குள் ஓரிரு கோப்புகளில்தான் வைக்கின்றன. அக்கோப்பு பழுதானாலோ, உலாவி புதிய கோப்புறை ஒன்றைத் தானே திறந்துகொண்டாலோ, ஒரு நொடியில் எல்லாம் மறையும். பழைய கோப்புறை வட்டின் மூலையில் அப்படியே கிடக்கவும் கூடும். அதைச் சொல்லும் நேர்மை மென்பொருளுக்கு இல்லை. உடைமையைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று வரவேற்பதற்கு உபசாரம் என்றா பெயர்?

இனி, தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை. பழைய குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்திருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஜியோசிட்டீஸ் தளங்கள் 2009 அக்டோபரிலேயே மூடப்பட்டவை. நம் இலக்கியச் சண்டைகளில் பாதி நடந்த யாஹூ மடற்குழுக்கள் 2020 டிசம்பர் 15 அன்று முற்றாக மூடப்பட்டன. உயிரோடிருந்த சில பக்கங்களும் திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் இருந்ததால் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் திறந்தன. அக்காலத்தில் எழுத்துருவைத் தாமே இறக்கிக்கொண்ட பக்கங்கள் பலவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நம்பியவை. அவ்வுலாவியே 2022இல் ஓய்வு பெற்றுவிட்டது.

கசப்பான உண்மை இதுதான்: நான் இழந்த பட்டியலில் பெரும்பகுதி ஏற்கெனவே இறந்தவற்றின் பட்டியல். உலாவி பழுதாகும்வரை அது எனக்குத் தெரியவில்லை. சேர்த்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே மென்பொருளை மட்டும் வைது தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

ஏடு எந்த ஊரில் இருக்கிறதென்று அறிந்ததோடு உ.வே.சாமிநாதையர் நின்றிருந்தால், 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியிருக்காது. சென்றார், பெற்றார், படியெடுத்தார், ஒப்பிட்டார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் அவ்வழியே நடந்தது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். எவரும் படியெடுத்துக்கொள்ளும்படி இலவசமாகக் கொடுத்தார்கள். திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் மாற்றினார்கள். பல இடங்களில் படி இருப்பதால்தான் அந்நூல்களை ஒற்றைப் பழுது அழித்துவிட முடியாது.

எங்கள் பள்ளத்தாக்குக்கு 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் வருகிறது. அணை இருக்கிறதே என்று எந்த உழவரும் கண்மாயைத் தூர்த்துவிடுவதில்லை. நீர் வரும் வழியை அறிந்திருப்பது வேறு, நீரைத் தேக்கி வைப்பது வேறு. வாசகர்களாகிய நாம்தான் சுட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நூலே கைவசம் இருப்பதாக மயங்குகிறோம்.

மென்பொருள் செய்வோர், எது தொலைந்தது, பழைய கோப்பு எங்கே இருக்கிறது என்பதையாவது சொல்லட்டும். இணைய இதழ் நடத்துவோர், கடையைக் கட்டுமுன் இதழ்த் தொகுப்பைப் பொதுவில் வைத்துவிட்டுப் போகட்டும். நாம் நேசிக்கும் கட்டுரையின் படியை, எடுத்த முகவரியோடும் நாளோடும், இரண்டு இடங்களில் காப்போம். இணைய ஆவணகத்திலும் ஒரு படி சேர்ப்போம். அரைமணி நேர வேலை.

அந்த அரைமணியைப் பதினெட்டு ஆண்டுகளாக நான் ஒதுக்கவில்லை. நீங்கள்?