இரண்டாம் சுற்றில் ஒரு படம்

புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து பலிக்கிறதா இல்லையா என்றறிய நோயாளி ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமென்பது பெரும் அநீதியாகும். பலியாத மருந்தும் உடலை வாட்டுவதில் குறை வைப்பதில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் விஷயத்தில் இதற்குப் பரிகாரம் ஏற்பட்டிருப்பதை நேயர்கள் அறிய வேண்டும்.

பரிகாரமாவது பெட் ஸ்கேன். புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாய் உட்கொள்ளும் சுபாவமுடையவை. ஆகையால் கதிரியக்கமுள்ள ஃப்ளூரின் சேர்ந்த சர்க்கரையை இரத்தத்தில் சிறிது செலுத்தினால், நோயுள்ள இடங்கள் படத்தில் சுடர் விடுகின்றன. கட்டியின் பருமனைக் காட்டும் சி.டி. படம் இந்நோயில் ஏமாற்றிவிடும். அணுக்கள் மடிந்த பின்னும் வெறுந் தழும்பு கட்டிபோலவே நிற்பதுண்டு. பிரான்ஸ் தேசத்துத் தோவில் நகரில் 2009-ல் கூடிய நிபுணர்கள், அச்சுடரைக் கல்லீரல் முதலியவற்றின் ஒளியோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் முறையை வகுத்தனர்.

பிரிட்டிஷ் வைத்தியர்கள் தலைமையில் பல தேசங்களில் நடந்த ராத்ல் பரிசோதனையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. நோய் பரவிய 1,100-க்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு சுற்று மருந்து முடிந்ததும் படம் எடுத்தார்கள். சுடர் அணைந்திருந்த 900-க்கு மேற்பட்டோரில் ஒரு பாதியினருக்கு, நான்கு மருந்துகளில் ஒன்றாகிய ப்ளியோமைசினை நிறுத்தினார்கள். நுரையீரலைக் கெடுக்கவல்ல மருந்து அது. மூன்றாண்டு கழித்து நோய் பெருகாமல் உயிரோடிருந்தோர், அம்மருந்து தொடர்ந்தவர்களில் 85.7 சதவிகிதம், நிறுத்தப்பட்டவர்களில் 84.4 சதவிகிதம். முன்பே விதித்துக்கொண்ட வரம்பை இது மயிரிழையில் எட்டவில்லையென்று கணக்கர் கூறுவர், கூறட்டும். கெடாத நுரையீரலுக்கும் ஒரு கணக்கு உண்டல்லவா? சுடர் அணையாதவர்களுக்கோ அப்போதே கடுமையான மருந்துக்கு மாறினார்கள்.

படம் தெய்வவாக்கன்று. வீக்கமும் சுடர் விடும். சுடர் அணைந்தவர்களிலும் சிலருக்கு நோய் மீளுகிறது. ஆகவே, எல்லாப் புற்றுநோய்க்கும் மாதந்தோறும் படம் எடுக்கச் சொல்லிப் பணம் பறிப்பதை நாம் ஆதரிக்கவில்லை.

ஆனால் தேவையான ஒரு படம் ஏழைக்குக் கிட்டாதிருப்பதை எப்படிச் சகிப்பது? அந்த ஃப்ளூரினின் கதிர்வீச்சு சுமார் 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் யந்திரம் சில மணி நேரத் தொலைவுக்குள் இருந்தாலன்றிக் கருவியால் பயனில்லை. பெருநகரத்துக்கு வெளியே உள்ளவன் குருட்டுச் சிகிச்சையே பெறுகிறான். இந்நோய்க்கு மருந்து வழங்கும் சர்க்கார் எதுவாயினும், இரண்டாம் சுற்றுப் படத்தையும் அம்மருந்தின் பகுதியாகவே கருதி, நோயாளியின் வழிச்செலவு உட்பட ஏற்க வேண்டுமென வற்புறுத்துகிறோம்.