நகையை விற்று மின்சாரக் கார் வாங்கலாமா?



இம்மாதம் வந்திருப்பது தொழுகை, நோன்பு பற்றிய கேள்வி அல்ல. ஒரு காரைப் பற்றிய கேள்வி! "ஹஸ்ரத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிரிக்காதீர்கள். அந்தக் காருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் மஹர் நகை இருக்கிறது.

சென்ற மாதம் நானும் என் மனைவியும் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சிக்குப் போயிருந்தோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அங்கே என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் நெல் வியாபாரம் செய்கிறார். பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. கையில் பாதிப் பணம்தான் உண்டு. மீதிக்கு மனைவியின் நகை.

"2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தது போதும் ஹஸ்ரத். இது கரண்டில் ஓடும். வழியில் சார்ஜ் போடக் கம்பனிகள் இருக்கின்றன. அரை மணித்தியாலத்தில் ஏற்றிவிடுமாம். உம்மாவை மாதாமாதம் கொழும்புக்குக் கிளினிக் கூட்டிப் போகலாம்" என்றார் அவர்.

உள்ளே அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது வேறு. "கொடுக்க மனமில்லாமல் இல்லை ராத்தா. மாமியையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?"

அப்போது அங்கே இருந்த பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பழைய கதையொன்றை எடுத்தார். யுத்த காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் தடை, மின்கம்பியும் இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒரு லைட் எரிக்க வேண்டுமானால் பற்றறியைச் சைக்கிளில் கட்டி, ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வரவேண்டும். "முழுக்க ஏற்றினதா, அரைவாசியா என்று வீட்டுக்கு வந்து பாட்டுக் கேட்டால்தான் தெரியும்" என்று சிரித்தார் அந்த அம்மா.

இன்றைய சார்ஜ் கம்பனியும் அந்தக் கடையின் பேரப்பிள்ளைதான். ஆனால் வேலை பெரியது. வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பற்றறி அப்படியே ஏற்காது. அதை மாற்றிக் கொடுக்கும் சிறு கருவி காருக்குள் இருக்கிறது. சிறியது என்பதால் மெதுவாகவே வேலை செய்யும். பழைய லீஃபுக்கு ஓர் இரவு முழுவதும் பிடிக்கும். விரைவுச் சார்ஜ் நிலையத்திலோ, அந்த மாற்றும் வேலையை வெளியே நிற்கும் பெரிய பெட்டியே செய்து நேராகப் பற்றறிக்குள் அனுப்புகிறது. மின் பில்லில் நீங்கள் பார்க்கும் அதே யுனிட் கணக்குத்தான் இங்கும். லீஃபின் முதல் மாதிரியில் 24 யுனிட் கொள்ளும் பற்றறி. 50 கிலோவாட் பெட்டி மணிக்கு 50 யுனிட் வரை தரக்கூடியது.

ஜப்பானியர் இந்த முறைக்கு 'சாடேமோ' என்று பெயர் வைத்தார்கள். "தேநீராவது குடிக்கிறீர்களா?" என்ற ஜப்பானிய உபசார வார்த்தை அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஏறிவிடும் என்பது கருத்து. ஆனால் 80 வீதத்தைத் தாண்டியதும் வேகம் விழுந்துவிடும். சில கம்பனிகள் யுனிட் கணக்கில் காசு எடுக்கும். சில நிமிடக் கணக்கில். நிமிடக் கணக்கென்றால் அந்தக் கடைசி இருபது வீதத்துக்கு நீங்கள் வாங்குவது மின்சாரத்தைவிடக் காத்திருப்பைத்தான். அளவையிலும் நிறுவையிலும் கவனமாக இருக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எந்தக் கணக்கில் விற்கிறீர்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

சரி, வட்டக்கச்சிக் கணக்குக்கு வருவோம். லீஃபின் திரையில் பற்றறியின் ஆயுளைக் காட்டும் 12 கோடுகள் உண்டு. மாணவர் தொலைபேசியில் காட்டிய படத்தில் எட்டுத்தான் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அந்தப் பற்றறியைக் குளிரவைக்கத் தனி ஏற்பாடு கிடையாது. வெயில் நாட்டில் சீக்கிரம் தளரும். 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்து லீஃப்காரர்களும் இதைத்தான் முறையிட்டார்கள். புதிதாக இருந்தபோதே 120, 135 கிலோமீற்றர் ஓடிய வண்டி. இப்போது 80, 90 ஓடினால் பெரிது. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவே ஏறத்தாழ 80! அங்கே போய்ச் சேர்வதற்குள் பற்றறி வற்றிவிடும். அங்குள்ள பெட்டி பழுதாகிக் கிடந்தால்? அல்லது வேறொருவர் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால்?

கொழும்பு 330 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. நாலைந்து இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வோரிடத்திலும் அரை மணிக்கு மேல். சுகமில்லாத உம்மாவுக்கு மலசலகூடம் வேண்டாமா? பிள்ளைகளுக்கு நிழல் வேண்டாமா? இரவில் வெளிச்சம் வேண்டாமா? 'அரை மணித்தியாலம்தானே' என்று ஆண்கள் சொல்லிவிடுகிறார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அரை மணியைக் கழிப்பவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நெதர்லாந்தில் 2012 இல் தொடங்கிய 'ஃபாஸ்ட்நெட்' என்ற கம்பனியைப் பாருங்கள். முதலில் நெடுஞ்சாலையோரம் 201 இடங்களுக்கு உரிமை வாங்கிக்கொண்டார்கள். 2013 இல் முதல் நிலையங்களைத் திறந்தார்கள். மேலே மஞ்சள் கூரை. ஒன்று பழுதானால் அடுத்ததில் போட ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள். கார்கள் பெருகும்வரை பல வருடம் நட்டத்திலேயே நடத்தினார்கள். அந்த நாட்டின் முழு நீளமும் நம் கிளிநொச்சி–கொழும்புப் பாதையளவுதான்! அங்கே ஒரு நிலையம் தவறினால் அடுத்தது கூப்பிடு தூரம். நம் நாட்டில் சார்ஜ்நெட் போன்ற கம்பனிகள் இந்த வேலையில் இறங்கியிருக்கின்றன. ஆனால் கார் அதிகம் ஓடும் பக்கம்தான் எந்தக் கம்பனியும் முதலில் பெட்டி வைக்கும். அதில் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு கார் வந்தால் போட்ட முதல் எப்போது திரும்பும்?

செருகியும் ஒன்றல்ல. பழைய ஜப்பான் கார்களுக்கு ஒரு விதம், ஐரோப்பிய முறைக்கு இன்னொன்று, சீனா தன் நாட்டுக்குச் செய்யும் கார்களுக்கு மூன்றாவது. நிலையம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. உங்கள் காருக்குப் பொருந்தும் செருகி இருக்கிறதா, இன்று வேலை செய்கிறதா என்று புறப்படுமுன் கம்பனியின் செயலியிலோ தொலைபேசியிலோ கேட்க வேண்டும்.

மின்சாரம் கைவிடாது என்று எண்ணுவதும் சரியல்ல. பெற்றோல் வரிசை நீண்ட அதே 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டும் இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருளானதாக அமைச்சர் சொன்னாரே, மறந்துவிட்டீர்களா?

அதற்காக அந்தக் கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளிநொச்சிச் சந்தை, பள்ளிக்கூடம், பக்கத்து ஊர்கள் என்று நாளுக்கு நாற்பது கிலோமீற்றர் ஓட அது போதும். நேரப்படியான கட்டண முறைக்கு வீட்டு மீற்றரை மாற்றினால் இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை குறைந்த விலையில் ஏற்றலாம். வயரிங்கை மட்டும் நல்ல எலெக்ட்ரீஷியனிடம் காட்டிக்கொள்ளுங்கள். கிளினிக்குக்கு பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. மாணவரிடம் இதைத்தான் சொன்னேன். கொழும்புப் பயணத்தைக் கணக்கில் வைத்து அந்த விலை கொடுக்காதே, எட்டுக் கோட்டுப் பற்றறிக்கு உரிய விலையைப் பேசு என்றேன்.

நகை விடயம் அவருடைய மனைவியின் முடிவு. மஹர் அவள் சொத்து. மனமுவந்து தந்தால் எடுக்கலாம், முகத்துக்காகத் தந்தால் எடுக்கக் கூடாது. கடனாகத் தருகிறாளா, அன்பளிப்பா என்பதைச் சாட்சியோடு எழுதி வையுங்கள் என்றேன். மாணவர் கொஞ்சம் முகம் சுருங்கினார். பிறகு அவரே கொப்பியை எடுத்து வந்தார்.

போன கிழமை தொலைபேசி எடுத்தார். விற்பவரிடம் பற்றறியைச் சோதித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாராம். நகை இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.