'விழு தம்பி, விழு!' - போலிக் காயமும் அமெரிக்க கல்லூரி ஃபுட்பாலும்

2024 ஜூன் 29, பார்படாஸ். டி20 உலகக்கோப்பை இறுதிப்போட்டி. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துகளில் 30 ரன்தான் தேவை. க்ளாஸன் வெளுத்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் நகத்தைக் கடிச்சுக்கிட்டுதான் பார்த்திருப்பீங்க. அந்த நேரத்தில் ரிஷப் பன்ட் முழங்கால் வலி என்று உட்கார்ந்தார். பிசியோ ஓடி வந்தார், கட்டுப்போட்டார், ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி தொடங்கியதும் க்ளாஸன் அவுட். கோப்பை நமக்கு.

சில மாதங்கள் கழித்து ஓர் அரட்டை நிகழ்ச்சியில் ரோஹித் ஷர்மா சிரித்துக்கொண்டே அந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தார். எதிரணியின் வேகத்தைக் குறைக்க பன்ட் போட்ட பிளான் அது. 'என்னா மூளைடா!' என்று நாமெல்லாம் மீம் போட்டோம்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அந்த நேரத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. 2022 டிசம்பர் கார் விபத்துக்குப் பிறகு பன்ட்டின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது நமக்கெல்லாம் தெரியும். அதனால் 'ஐயோ, பாவம்' என்றுதான் நினைத்தோம். உண்மையான காயத்தின் மேல் நமக்கு இருந்த நம்பிக்கைதான் அந்த பிளானை ஜெயிக்க வைத்தது.

ஒரு தடவை நடந்தால் சாமர்த்தியம். இதுவே வாராவாரம் நடந்தால்? அந்த நம்பிக்கை என்ன ஆகும்? அதற்கான பதில் அமெரிக்காவின் கல்லூரி ஃபுட்பால் மைதானங்களில் கிடைக்கிறது. அங்கே இந்த நடிப்பைத் தடுக்க 2025-ல் விதியையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

எதுக்கு விழணும்?

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கலாம். இது மெஸ்ஸி ஆடும் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அதன்பிறகு இரு அணிகளும் நின்று, மூச்சு வாங்கி, ஆள் மாற்றி, அடுத்த வாய்ப்புக்கு வரிசைகட்டும்.

பல வருடங்களாக இது நிதானமாகத்தான் நடந்தது. பிறகு சில கோச்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். 'எதுக்கு நிக்கணும்? பந்தை வெச்ச உடனே அடுத்த ஆட்டத்தை ஆரம்பிச்சா என்ன?' 2009-ல் ஓரிகன் பல்கலைக்கழக அணியின் தலைமை கோச் ஆன சிப் கெல்லி இந்த அதிவேக பாணிக்குப் பெயர்போனவர். எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடும்.

தடுக்கும் அணியின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. முன்வரிசையில் நிற்பவர்களில் பலர் 130 கிலோ ஆட்கள். நாலஞ்சு முறை தொடர்ந்து முட்டி மோதினால் நாக்கு தள்ளிவிடும். ஆளை மாற்றவும் நேரம் இல்லை. தாக்கும் அணி ஆள் மாற்றினால்தான் தடுக்கும் அணிக்கும் மாற்ற அவகாசம் கொடுக்க வேண்டும். அவர்கள் மாற்றாமலேயே ஆடினால் இவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

டைம் அவுட் கேட்கலாம்தான். ஆனால் ஒரு பாதிக்கு மூன்றுதான். கடைசி நேரத்தில் அது தங்கம். ஆனால், யாராவது அடிபட்டு விழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும். அது இலவசம். விழுந்தவர் ஒரே ஒரு வாய்ப்புக்கு வெளியே உட்கார்ந்தால் போதும், திரும்பி வந்துவிடலாம். ஆக, காலைப் பிடித்துக்கொண்டு விழுவது என்றால் செலவே இல்லாத ஒரு டைம் அவுட்!

2010: கையும் களவுமாக

2010 நவம்பரில் ஓரிகன் அணி, பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியோடு மோதியது. அந்த சீசனில் ஓரிகன் ஒரு போட்டிக்குச் சராசரியாக 45 புள்ளிகளுக்கு மேல் குவித்த அணி. அன்றைக்கு எடுத்ததோ வெறும் 15. கலிஃபோர்னியா 13 புள்ளிகள் எடுத்து, மயிரிழையில் தோற்றது.

ஆட்டத்தின் நடுவே கலிஃபோர்னியா வீரர் ஒருவர் சரிந்து விழுந்தார். டிவியில் ரீப்ளே பார்த்தவர்களுக்கு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அவர் பெஞ்ச் பக்கம் பார்க்கிறார், அதன்பிறகு விழுகிறார்! வீடியோ பரவியது. கடைசியில், அவரை விழச் சொன்னது தற்காப்பு வரிசையின் கோச் டோஷ் லுபோய் என்பது வெளியே வந்தது. அவர் அதை ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகம் அவரை ஒரு போட்டிக்கு சஸ்பெண்ட் செய்தது.

இதில் ட்விஸ்ட் என்னன்னா, அதே லுபோய் 2022-ல் ஓரிகன் அணிக்கே தற்காப்புப் பிரிவின் பொறுப்பாளராகப் போய்ச் சேர்ந்தார். அதாவது, இந்தத் தப்பு யாருடைய வேலை வாழ்க்கையையும் பெரிதாகப் பாதிக்கவில்லை.

விழுறவன் யாரு? விழச் சொல்றது யாரு?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கணும். மைதானத்தில் விழுவது 19, 20 வயசுப் பையன். அவனுடைய ஸ்காலர்ஷிப், ஆடும் வாய்ப்பு, நாளைக்குத் தொழில்முறை அணிக்குப் போகும் கனவு எல்லாமே கோச் கையில். பெரிய அணிகளின் தலைமை கோச்களுக்கு வருடத்துக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம். பையன்களுக்கோ 2021 ஜூலை வரை தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக்கூட அனுமதி இல்லை. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற நிலை 2025 ஜூலையில்தான் வந்தது.

பெஞ்ச்சிலிருந்து கையசைத்தால், அந்தப் பையன் 'முடியாது சார்' என்று சொல்லுவானா? நாம சொல்லியிருப்போமா?

ஆனால் வீடியோ வைரலாகும்போது ட்ரோல் ஆவது அவன் முகம்தான். 'ஆஸ்கர் கொடுங்கப்பா' என்று கமென்ட் வருவது அவனுக்குத்தான். கையசைத்தவர் பெரும்பாலும் ஃப்ரேமிலேயே இருக்க மாட்டார்.

கேலரியில் எழுந்த கூச்சல்

2021 அக்டோபர் 9. அயோவா மைதானத்தில் அயோவாவும் பென் ஸ்டேட்டும் மோதுகின்றன. இரண்டுமே அப்போது நாட்டின் டாப் அணிகள். பென் ஸ்டேட் வீரர்கள் அடுத்தடுத்து விழ, 'நடிக்கிறாங்க' என்று முடிவுகட்டிய கேலரி கூச்சல் போட ஆரம்பித்தது. அயோவா 23-20 என்று ஜெயித்தது.

அந்தப் போட்டியில் பென் ஸ்டேட்டின் முக்கிய வீரர் பி.ஜே. மஸ்டிஃபருக்கு ஏற்பட்ட காயம் நிஜம். அந்த சீசன் முழுக்க அவரால் திரும்பி வர முடியவில்லை. அணியின் குவார்ட்டர்பேக்கும் அன்று அடிபட்டு வெளியேறினார். 'அடிபட்ட பசங்களைப் பார்த்துக் கூச்சல் போடலாமா?' என்று பென் ஸ்டேட் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் கொதித்தார். 'எங்க ரசிகர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்லை' என்கிற தொனியில் பதில் சொன்னார் அயோவா கோச் கிர்க் ஃபெரென்ட்ஸ்.

யார் பக்கம் நியாயம்? விடுங்க. எந்த விழுதல் நிஜம், எது நடிப்பு என்று எழுபதாயிரம் பேர் கேலரியில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லும் நிலைமை வந்துவிட்டது, அதுதான் பிரச்னை. புலி வருது, புலி வருது கதைதான். ஆனால் இதில் பொய் சொன்னவன் ஒருத்தன், புலியிடம் மாட்டுபவன் வேறொருத்தன்.

இது உடம்போடு விளையாடும் ஆட்டம் என்பதையும் மறந்துடாதீங்க. இங்கே பெரிய ஆபத்தே நிஜக் காயத்தை மறைப்பதுதான். 2022 செப்டம்பரில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லில் டுவா டகோவைலோவா தலை தரையில் மோதித் தள்ளாடினார். முதுகுப் பிரச்னை என்று காரணம் சொல்லப்பட்டது, அதே போட்டியில் திரும்ப ஆடினார். நான்கு நாள் கழித்து அடுத்த போட்டியில் மறுபடி தலையில் அடி. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அதன்பிறகுதான் தலைக்காய விதிகள் இறுக்கப்பட்டன. 'வலிக்குது' என்று வாயைத் திறக்கவே தயங்கும் ஓர் ஆட்டத்தில், வலிக்குது என்பதையே பொய்யாக்கிவிட்டால் எப்படி?

வலியை எப்படி அளப்பது?

சரி, தடுக்கலாமே என்றால், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. 'உனக்கு வலிக்கலை' என்று எந்த நடுவராலும் சொல்ல முடியாது. தசைப்பிடிப்பு ஸ்கேனில் தெரியாது. பத்தில் ஒன்று நிஜமாக இருந்து, அதை நடிப்பு என்று சொல்லிவிட்டால் போச்சு.

வேறு வழிகளிலும் முயன்றார்கள். வேகமாக ஆடுவதையே கட்டுப்படுத்தலாம் என்று 2014-ல் ஒரு விதியை முன்மொழிந்தார்கள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்பு 10 விநாடிகள் காத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 'வீரர்களின் பாதுகாப்புக்காக' என்றார்கள். வேகமாக ஆடும் அணிகள் கொதித்தெழ, அதைக் கைவிட்டார்கள். 2022-ல் சந்தேகமான வீடியோக்களை ஆட்டத்துக்குப் பிறகு ஆய்வுக்கு அனுப்பும் முறை வந்தது. ஆனால் தண்டனையை அந்தந்த லீக்கோ பல்கலைக்கழகமோதான் முடிவு செய்ய வேண்டும். நடிப்பு நிற்கவில்லை.

2024 நவம்பரில் எஸ்.இ.சி என்ற பலம் வாய்ந்த லீக்கின் ஆணையர் க்ரெக் சாங்கி பொறுமை இழந்தார். நடிப்பது நிரூபணமானால் முதல் முறை தலைமை கோச்சுக்குப் பகிரங்கக் கண்டனமும் 50,000 டாலர் அபராதமும், இரண்டாவது முறை 1 லட்சம் டாலர், மூன்றாவது முறை அடுத்த போட்டிக்கு சஸ்பெண்ட் என்று அறிவித்தார். குறி சரியான ஆள் மேல் திரும்பியது.

அடுத்த வருடமே நாடு முழுவதுக்குமான விதி வந்தது. அடுத்த வாய்ப்புக்காக நடுவர் பந்தை வைத்த பிறகு ஒரு வீரருக்காக மருத்துவக் குழு உள்ளே வந்தால், அந்த அணியின் கணக்கில் ஒரு டைம் அவுட் கழியும். டைம் அவுட் மிச்சம் இல்லையென்றால் 5 கெஜம் பெனால்டி. இந்த விதியின் அழகே, 'நிஜமா, நடிப்பா?' என்று யாரையும் கேட்காததுதான். வலியை அளக்க வேண்டாம், இலவசத்தை நிறுத்தினால் போதும்.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கு. பந்து வைப்பதற்கு முன்பே விழுந்துவிட்டால் இந்த விதி தொடாது. அதைவிடப் பெரிய கவலை ஒண்ணு உண்டு. ஒருத்தன் எழுந்து வரிசையில் நின்ற பிறகுதான் தலை சுற்றுகிறது என்று வையுங்க. இப்போ உட்கார்ந்தால் அணிக்கு ஒரு டைம் அவுட் போகும். 'இன்னும் ஒரு ஆட்டம் சமாளிச்சுடலாம்' என்று பல்லைக் கடித்து நிற்கமாட்டானா? பொய்யாக விழுபவர்களுக்குப் போட்ட கணக்கில், நிஜமாக அடிபட்டவனும் பில் கட்ட வேண்டியிருக்கு.

அதனால்தான் கோச்சின் பாக்கெட்டிலிருந்து பணம் போகும் அந்த எஸ்.இ.சி வழிதான் எனக்கு இன்னும் நியாயமாகப் படுகிறது. விழச் சொன்னவர் விலை கொடுத்தால், விழுகிற பையன் தப்பிப்பான். நிஜமாகவே அடிபட்டவனும் தயங்காமல் கை தூக்குவான்.

இனி இப்படி ஒரு கிளிப் உங்க ரீல்ஸில் வரும். கிரிக்கெட்டோ, கால்பந்தோ, எதுவோ. சிரிப்பு எமோஜி போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரிவைண்ட் பண்ணி, அவன் விழும் முன் எந்தப் பக்கம் பார்த்தான் என்று பாருங்க. எந்தப் பக்கமும் பார்க்காமல் விழுந்திருந்தால், அவனுக்கு நிஜமாகவே வலிக்குதோ என்னவோ.